திண்ணைக் கேள்விகள்: கஷ்டப்படாத பிள்ளைக்கு வெறி வருமா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால், "சின்ன வயதில் பட்ட கஷ்டம் இன்று உங்களிடம் என்னவாக இருக்கிறது?" என்று போகிற போக்கில் ஒரு வரி கேட்டு வைத்தேன். வழக்கமாக வாடகைத் தகராறு, சர்க்கரை வியாதி, மருமகள் மேல் புகார் என்று வருகிற தபால் பை இந்த முறை கனத்துவிட்டது. பாதிப் பேர் பெயர் போடவில்லை. போட்டவர்கள் பெயரையும் நானே எடுத்துவிட்டேன். செட்டிநாட்டில் எழுபது எண்பது ஊர் இருந்தாலும் எல்லாம் ஒரே தெரு மாதிரிதான், இரண்டு வரி படித்தால் யார் வீட்டுக் கதை என்று சொல்லிவிடுவார்கள். சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. அப்பா குடிகாரர். 12 வயதில் ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். இன்று காரைக்குடியில் சொந்தமாக ஹார்டுவேர் கடை, ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். என் மகனுக்கு 13 வயது. கேட்டது எல்லாம் கிடைக்கிறது, ஆனால் எதிலும் ஒரு வெறி இல்லை. என்ன ஆகப்போகிறாய் என்றால் "தெரியலப்பா" என்கிறான். நான் பட்டதில் கால்வாசி பட்டால்தான் உருப்படுவான் என்று, வருகிற மே லீவில் அதே பட்டறையில் கொண்டுபோய் விடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் சண்டை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுவோம். 14 வயது முடியாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைத்தால் வைத்தவர் மேல் கேஸ் வரும். சிமெண்டுத் தூசி வேறு. அதனால் சண்டையில் உங்கள் வீட்டம்மா ஜெயித்துவிட்டார், போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது சட்டம் இல்லை. நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம், இங்கே அதைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் அப்பா பெல்ட்டால் அடித்தது மூன்று வரி. பட்டினி கிடந்தது ஐந்து வரி. பட்டறை மேஸ்திரியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அது உங்களுக்கே தெரிந்திருக்காது. முதல் பத்து நாள் அவர் உங்களுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை மட்டும்தான் கொடுத்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற கல்லில், அந்தக் கண்ணாடியின் பளபளப்புத்தான் கல்லின் முகத்துக்கு வரும், நீ ஒரு விரல் ரேகையை விட்டால் அது எவன் வீட்டு வளவிலோ நூறு வருஷம் கிடக்கும் என்று அவர் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை கூலியை உங்கள் அப்பா கையில் கொடுக்காமல் உங்கள் கையில் கொடுத்தார். பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதப் பணம் கட்டினார்.

தம்பி, இந்த மனிதரைக் கழித்துவிட்டு உங்கள் கதையை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். குடிகார அப்பா, பட்டினி, 12 வயதில் வேலை. அவ்வளவுதான். இதே மூன்றும் வாய்த்த பையன்கள் உங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பேர் இருந்திருப்பார்களே, அவர்கள் எங்கே? அவர்களில் ஒருவர் இன்று உங்கள் கடையிலேயே லோடு இறக்குகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் இதைத்தான் தோண்டிப் பார்த்தார். 1930-களில் அங்கே பெரிய பொருளாதார மந்தம் வந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலம். கலிபோர்னியாவில் ஓக்லாந்து என்ற ஊரில் 1920, 21-ல் பிறந்த 167 பிள்ளைகளின் வாழ்க்கைக் குறிப்புகளை வைத்து ஆராய்ந்து 1974-ல் புத்தகமாகப் போட்டார். அப்பாவுக்கு வருமானம் போன வீடுகளில் பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்கள் அடுப்படியை எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிறகு அவர்களில் பலர் பொறுப்பாக, தனக்கு என்ன வேலை வேண்டும் என்று தெரிந்தவர்களாக இருந்தார்கள். இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா" என்பீர்கள். பொறுங்கள். அதே மந்தத்தில், 1928, 29-ல் பிறந்த பிள்ளைகளையும் அவர் பார்த்தார். ஏழெட்டு வயது இளையவர்கள். கஷ்டம் வரும்போது அவர்கள் கைக்குழந்தையும் தவழ்கிற குழந்தையும். அவர்களில் பையன்கள் வளர்ந்து பள்ளிக்கூட வயதில் தன்னம்பிக்கை இல்லாமல், இது ஆக வேண்டும் அது ஆக வேண்டும் என்ற ஆசையே குறைந்து இருந்தார்கள். இரண்டு கூட்டமும் பட்டது ஒரே கஷ்டம்தான். பெரியவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, வீட்டில் நான் இல்லாவிட்டால் ஆகாது என்ற நினைப்பு இருந்தது. சின்னவர்களுக்கு அப்பாவின் கோபத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இதைப் புத்தகம் போடாமலே செய்து பார்த்திருக்கிறார்கள். வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து கொண்டுவிக்கப் போன காலத்தில் மீசை முளைக்காத பையனை பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாக அனுப்பினார்களே, அவன் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் கூட்டிப் பெருக்கினான், தண்ணீர் பிடித்தான், பெரியவர்கள் தூங்கிய பிறகு கணக்கு எழுதிப் பழகினான். முதலாளி மகனாக இருந்தாலும் வேறொருத்தர் கடையில் போட்டுத்தான் பழக்குவார்கள். கஷ்டம்தான், அழுதிருப்பான். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு மூன்று வருஷக் கணக்கு என்று ஒரு முடிவு இருந்தது, பெட்டியடிக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள் என்று ஏணி கண்ணுக்குத் தெரிந்தது. அடி வாங்குவதற்கு அப்படி ஏணி எதுவும் கிடையாது.

அதனால் பட்டறை வேண்டாம், கடைக்குக் கூட்டிப் போங்கள். வேடிக்கை பார்க்க இல்லை. ஆணி, ஸ்க்ரூ, கீல் இருக்கிற ஒரு ரேக்கை அவன் பொறுப்பில் விடுங்கள். சனிக்கிழமை இருப்பு எண்ணுவது அவன் வேலை, குறைந்தால் ஆர்டர் போடுவதும் அவன்தான். அரை இஞ்சுக்குப் பதில் முக்கால் இஞ்சு வாங்கி வைத்துவிட்டான் என்றால் திட்டாதீர்கள், அவனையே விற்கச் சொல்லுங்கள். சின்னதாக ஒரு கூலியும் கொடுங்கள், அதை வீட்டம்மாவிடம் கொடுக்காமல் அவன் கையில் கொடுங்கள், மேஸ்திரி கொடுத்த மாதிரி. அந்த மேஸ்திரி இன்னும் இருக்கிறார் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 41 வயது அப்பா ஒருத்தர் முன்னால் கைகட்டி நிற்பதை அந்தப் பையன் பார்த்திருக்கவே மாட்டான்.

அப்புறம், 13 வயதில் "தெரியலப்பா" என்று சொல்கிற பிள்ளைக்கு வெறி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வயதில் உங்களுக்குத் தெரிந்ததுகூட என்ன ஆக வேண்டும் என்பது இல்லை, அப்பா மாதிரி ஆகக் கூடாது என்பதுதான். அவனுக்கு அப்படி ஒரு பயம் தேவைப்படவில்லை. அது நீங்கள் சம்பாதித்துக் கொடுத்தது, அதைப் போய் அவன் குறையாக எண்ணுகிறீர்கள்.

கேள்வி: ஔவையார் "கொடிது கொடிது வறுமை கொடிது, அதனினும் கொடிது இளமையில் வறுமை" என்றார். ஆனால் சாதித்தவர்கள் பெரும்பாலும் வறுமையில் பிறந்தவர்கள்தானே? ஔவை சொன்னது தப்பா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: நீ உட்கார்ந்து படிக்கிற கல்லூரி வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு நடை நடந்து பார். கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார் வறுமையில் பிறந்தவர் இல்லை. சென்னையில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. அவர்தான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். லட்சியத்துக்கு வறுமை கட்டாயம் இல்லை.

காமராஜர் கதையைச் சொல்வாய், தெரியும். அப்பாவை இழந்து, பாதியில் பள்ளியை விட்டவர் முதலமைச்சரானதும் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார். சரி. ஆனால் அதே வருஷம் விருதுநகரில் பள்ளியை விட்ட மற்றப் பிள்ளைகளின் பெயர் உனக்குத் தெரியுமா? மேடை ஏறியவர்களை மட்டும் எண்ணினால் எல்லாக் கஷ்டமும் ஏணி மாதிரித்தான் தெரியும். 1990-களில் அமெரிக்காவில் சான் டியேகோ ஊரில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சின்ன வயதில் அடி, குடிகாரப் பெற்றோர், பிரிந்துபோன பெற்றோர் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அந்த மாதிரிக் கஷ்டம் எத்தனை வகை கூடுகிறதோ, பின்னால் இதய நோய், மன அழுத்தம், குடிப்பழக்கம் எல்லாம் அந்த அளவுக்குக் கூடுகிறது என்று தெரிந்தது. ஔவை சரியாகத்தான் சொன்னாள்.

கேள்வி: எனக்கு 26 வயது. அம்மா கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். விசேஷ வீட்டில் மீந்த பலகாரம்தான் எங்கள் வீட்டுத் தீபாவளி. இப்போது வங்கி வேலை. ஆனால் எனக்காக ஒரு ரூபாய் செலவழிக்க முடியவில்லை. போன மழையில் குடை வாங்க மனம் வராமல் நனைந்து, காய்ச்சல் வந்து, மருந்துக்கு 640 ரூபாய் ஆனது. ஆபீஸில் கஞ்சம் என்கிறார்கள். நான் சிக்கனம் என்று பெருமைப்படுகிறேன். எது சரி? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: அம்மா, என் அப்பச்சியைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். 13 வயதில் ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் லட்சக்கணக்கான பேரோடு காட்டு வழியாக நடந்து இந்தியா வந்தார். வழியில் என்ன பார்த்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அவர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டு முடிச்சு இருக்கும், உள்ளே பொரிமாவு. கால்மாட்டில் செருப்பு ஜோடியாக வாசலைப் பார்த்து இருக்கும். மாதம் ஒருமுறை ஆத்தா பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டிவைப்பார். நாங்கள் அதை அப்பச்சியின் ஒழுங்கு என்று நினைத்தோம். எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அவர் போய்ப் பல வருஷம் கழித்துத்தான், காரைக்குடியை விட்டு நகராத ஒரு மனிதர் முப்பது வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் ஓடுவதற்குத் தயாராகப் படுத்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

நீங்கள் கேட்டது சிக்கனமா கஞ்சமா என்று. இரண்டும் இல்லை, உங்கள் குடைக் கணக்கைப் பாருங்கள். சிக்கனக்காரி குடை வாங்கியிருப்பாள், 300 ரூபாயில் முடிந்திருக்கும். உங்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, வங்கியில் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கணக்குப் போட விடாமல் வேறு ஏதோ ஒன்று கையைப் பிடித்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாதபோது ஒரு புத்திக்கூர்மைச் சோதனை, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு மறுபடி. பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். அதே தலை, அதே மூளைதான். காசுக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உங்களுக்கு அறுவடை முடிந்து நாலு வருஷம் ஆகிறது, அது உங்கள் கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள்ளேயே தனிக்குடித்தனமாக வேறு வைத்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று செலவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் குடும்பம் நடத்த வேண்டும். அது மிச்சம் பிடிக்க மட்டும் பழக்குகிற வழக்கம் இல்லை, செலவழிக்கவும் பழக்கியது. உங்களையே நீங்கள் அப்படி வேறு வையுங்கள். மாதம் 1,500 ரூபாய் தனியாக எடுத்துச் சிட்டை போட்டு, அந்த மாதத்துக்குள் உங்களுக்காகச் செலவழித்தே தீர வேண்டும் என்று வையுங்கள். மிச்சம் பிடித்தால் தோல்வி. முதல் மாதம் எரிச்சலாக வரும், அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கணக்கை நேர் செய்யப் பார்ப்பீர்கள். அது செல்லாது. அம்மாவுக்கு எடுப்பது வேறு கணக்கு.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடிதத்தின் கடைசியில், வங்கிக்கு வருகிற வயதான பெண்களுக்கு நீங்களே படிவம் எழுதிக் கொடுப்பதாக, வரிசை நீண்டு மேனேஜர் திட்டினாலும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் அந்த அடுப்படியில் இருந்துதான் வந்தது. அதற்குக் கை நடுங்கவில்லை பாருங்கள்.

கேள்வி: கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அடுத்தவர் கஷ்டம் புரியும் என்கிறார்களே, என் மாமியார் படாத கஷ்டம் இல்லை, ஆனாலும் என்னை இந்தப் பாடு படுத்துகிறார்? (தேவகோட்டை)

பதில்: "நான் பட்டேன், நீயாவது படாதே" என்று சொல்கிறவர்களும் "நான் படவில்லையா, நீயும் படு" என்று சொல்கிறவர்களும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்தான். உங்கள் மாமியார் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வருஷம் அவருக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டது யார் என்று ஒரு நாள் விசாரியுங்கள். யாரும் இல்லை என்று பதில் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாலு வயதுப் பையன், முட்டை போடுகிற நாளில் தட்டில் வைத்த உடனே வாயில் திணிக்கிறான், அல்லது டவுசர் பையில் போட்டுக்கொள்கிறான். அடித்தும் பார்த்துவிட்டார்கள். பேராசை பிடித்த பிள்ளை என்று ஆயாவே சொல்கிறார். (கண்டனூர்)

பதில்: அடிக்க வேண்டாம். பேராசையும் இல்லை. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாகத் தருவேன் என்று சொல்லிக் குழந்தைகளைச் சோதிக்கிற பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு, காத்திருக்கிற பிள்ளைதான் பின்னால் முன்னேறும் என்று ஊரெல்லாம் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார்கள். அப்புறம் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதில் ஒரு திருப்பம் வைத்தார்கள். மிட்டாய்க்கு முன்னால், நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு "இல்லை, தீர்ந்துபோச்சு" என்று கை விரித்தார்கள். பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிஷம். இருபத்தெட்டே குழந்தைகள், சின்ன ஆராய்ச்சிதான், ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது. பெரியவர்கள் சொன்னால் வரும் என்று தெரிந்த பிள்ளை காத்திருக்கும். வராது என்று கண்ட பிள்ளை இருக்கும்போதே தின்னும், அதுதான் புத்திசாலித்தனம்.

முட்டை எந்தக் கிழமை, எந்தக் கிழமை இல்லை என்று அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும். சப்ளை வராது என்று தெரிந்தால் முதல் நாளே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பெரிய மனிதரிடம் சொல்கிற மாதிரி. பையில் போட்டுக்கொண்டு போகிற முட்டை யாருக்கு என்றும் பாருங்கள், வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கலாம்.

கேள்வி: ஒன்பது வயதில் என்னைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். பெற்ற அப்பச்சிக்கு நான் நாலாவது மகன். கூட்டிக்கொண்ட வீட்டில் குறை வைக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷம் நான் தொழில் செய்ததே, விட்டுக்கொடுத்த அப்பச்சி ஒரு நாள் "இவனைப் போய் விட்டுட்டோமே" என்று சொல்ல வேண்டும் என்றுதான். மூன்று மில், மதுரையில் ஒரு ஹோட்டல். போன ஐப்பசியில் அவர் இறந்துவிட்டார். சொல்லவில்லை. இப்போது காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. வயது 58. (ஊர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜை மேல் வைத்திருந்தேன்.

இதற்கு மருந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலையில் எழும்ப முடியாத நிலை இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் தயவுசெய்து மனநல மருத்துவரைப் பாருங்கள், இரண்டு சர்க்கரை மாத்திரைக்குப் போகிற மாதிரி சாதாரணமாகப் போய்விட்டு வாருங்கள். மதுரையில் தினமும் இருக்கிறீர்கள், ஊரில் யாருக்கும் தெரியாது.

மற்றபடி, நம் பக்கத்து மனிதர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சிறுகூடல்பட்டியில் பெரிய குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்து முத்தையா என்று பெயர் வைக்கப்பட்டவர், காரைக்குடிக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனார். எட்டாவதோடு படிப்பு நின்றது. பெற்றவர்கள் வைத்தது ஒரு பெயர், கூட்டிக்கொண்டவர்கள் வைத்தது ஒரு பெயர். பிறகு பத்திரிகைக்கு வந்தபோது கண்ணதாசன் என்று தானே ஒன்று வைத்துக்கொண்டார். நாம் கூப்பிடுவது அந்த மூன்றாவது பெயரை. அவர் வாழ்க்கையில் இருந்து ஒழுக்கப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை, அவரே அதற்குச் சிரித்திருப்பார். ஆனால் அந்த மூன்றாவது பெயரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். உங்கள் மில்லுக்கு எந்த வீட்டு விலாசம், அதாவது எந்த வீட்டுப் பெயரெழுத்து, போட்டிருக்கிறீர்கள்? ஹோட்டலுக்கு யார் பெயர்? நீங்களாக, யாருக்கும் காட்டாமல், வைத்தது என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாவது பக்கத்தில், மில்லில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்ட இடம் பார்த்ததாகவும், "பெற்றவர்களோடு இருக்க வேண்டிய வயசு, ஹாஸ்டல் எதற்கு" என்று தோன்றி அதற்குப் பதில் மில் வாசலிலேயே குடியிருப்புக் கட்டியதாகவும் ஒரு வரி எழுதிவிட்டு, உடனே ஏற்றுமதிக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். ஏற்றுமதி உங்கள் அப்பச்சிக்காகச் செய்தது. அந்தக் குடியிருப்பை யாருக்காகக் கட்டினீர்கள்? ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் கார் ஏறும்போது யாரும் கேட்காத கேள்விக்கு அங்கே செங்கல்லால் பதில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்க்க அப்பச்சி வரவில்லை என்பது வருத்தம்தான். நீங்களாவது ஒரு சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்களா?

விட்டுக்கொடுத்த அப்பச்சி வாய்விட்டுச் சொல்லாததை அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். அந்தத் தலைமுறை ஆண்கள் வாயைத் திறந்து சொன்னது வட்டியும் வாசலும் மட்டும்தான். உங்கள் பெரிய ஆச்சி, உங்கள் மூத்த அக்கா, இருக்கிறார் என்றீர்களே, அவரிடம் கேளுங்கள், உங்களை அனுப்பிய அன்று ராத்திரி வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள் வாத்தியாரே, நீங்கள் எதனால் வாத்தியார் ஆனீர்கள்? (உங்கள் பழைய மாணவன், புதுவயல்)

பதில்: நீ கடைசி பெஞ்சில் இருந்தவன் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சரி, கேட்டுவிட்டாய்.

1968. எனக்குப் பதினைந்து வயது. பர்மாவில் விட்டுவந்த சொத்துக்கு ஏதாவது வரும் வரும் என்று அப்பச்சி காத்திருந்தார், எதுவும் வரவில்லை, கடன் மட்டும் வந்தது. வீட்டின் பின்பக்கத்து மூன்றாங்கட்டுப் பகுதியைப் பிரித்து விற்பது என்று முடிவானது. ஆறு தேக்குத் தூண். முதலில் ஓட்டை இறக்கினார்கள், அப்புறம் சட்டம், கடைசியாகத் தூணைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். தூண் விழும்போது சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டேன், வரவில்லை, வைக்கோல் பரப்பியிருந்தார்கள். சமையலறைப் பக்கம் இருந்த தூணில், ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பத்தா என்னை நிறுத்தி வைத்து ஆணியால் உயரம் கீறி வைத்திருந்தார். வாங்க வந்தவர் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, மரத்தில் பழுது என்று அந்தத் தூணுக்கு மட்டும் விலை குறைத்தார். அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆத்தா, தூண் இல்லாத ஆதாரக் கல் மேல் சுளகை வைத்து வடகம் காயப்போட்டார்.

அந்த வருஷம்தான் முடிவு செய்தேன், யாரும் வந்து பிடுங்க முடியாத சம்பளம் வேண்டும், மாதம் முதல் தேதி வர வேண்டும் என்று. கல்வி மேல் காதல் எல்லாம் பின்னால் வந்தது, அதுவும் உங்களை மாதிரி ஆட்களால் அவ்வப்போது போய்விடும். என் மகன் சொந்தத் தொழில் என்று கேட்டபோது எட்டு வருஷம் தடுத்தேன். அவன் கெட்டிக்காரன், அந்த எட்டு வருஷத்தை என்னிடம் வட்டியோடு கேட்கலாம், கேட்கவில்லை.

போன மாதம் பேத்தி வந்திருந்தாள். பழைய சாமான் பார்க்க வேண்டும் என்று முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஒரு கடையின் பின்கட்டில் பத்துப் பதினைந்து தூண் படுக்கப் போட்டிருந்தது. அவள் எனாமல் கிண்ணம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தூணாகக் கீழ்ப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனேன். "ஐயா என்ன தேடுறீங்க?" என்று கடைப் பையன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு கிண்ணம் வாங்கினோம், நீலம் ஒன்று, பச்சை ஒன்று. பச்சையில் ஓரத்தில் கொஞ்சம் எனாமல் பெயர்ந்திருந்தது. கடைக்காரர் அதற்குத் தானாகவே நாற்பது ரூபாய் குறைத்தார், நான் முழு விலையும் கொடுத்துவிட்டு வந்தேன்.